பத்திரத்தில் இல்லாத மான்கள்

நாற்பது ஏக்கர் காட்டின் பத்திரம் என் பெயரில் இருக்கிறது; அதில் மேய்ந்து, படுத்து, குட்டி ஈனும் மான்களில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்தோடு சேர்ந்து கைமாறும் சொத்தாகக் கருதப்படுவதில்லை. அது மாநில மக்கள் அனைவருக்கும் பொதுவானது, அரசு அவர்கள் சார்பில் அதைக் காத்து நிற்கிறது என்பதே இங்கு வேரூன்றிய கொள்கை. ஆகையால் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் என் சொந்த நிலத்தில், என் வீட்டுக் கதவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு மானைச் சுடுவதற்கும் நான் உரிமம் வாங்க வேண்டும். நவம்பர் மாதம் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே தெரியும் உடையில் பாதிக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறமோ, 2016 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கும் ஒளிரும் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். மானை வீழ்த்தினால் மறுநாள் மாலை 5 மணிக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். என்னைத் தவிர மனித வாடையே இல்லாத இடத்தில் இந்த ஆரஞ்சுச் சட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேலியைத் தாண்டி யார் வருவார்கள் என்பது வேலிக்குத் தெரியாது என்பதுதான் நான் சொல்லும் பதில்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே வேட்டையாடும் உரிமை நிலத்தோடு பிணைந்தது; ஆனால் தொடர்ச்சியாக 75 ஹெக்டேராவது வைத்திருப்பவருக்குத்தான் அது தனி வேட்டைப் பகுதியாக அமையும், அதற்குக் குறைந்தவர்கள் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராக வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் என்னுடைய 16 ஹெக்டேர் ஒரு துண்டு நிலம். சட்டம் எப்படியிருந்தாலும் மானின் கணக்கிலும் அது துண்டு நிலமே. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி இந்நாட்டின் பெரும்பகுதி ஒரு மைல் பக்கமுள்ள சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுரத்துக்கு 640 ஏக்கர், அதில் பதினாறில் ஒரு பங்கு என்னுடையது. ஒரு பக்கம் நானூறு மீட்டர். நிதானமாக நடந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் எல்லைக்கல் வந்துவிடும். ஒரு வெண்வால் மான் ஆண்டு முழுவதும் சுற்றிவரும் பரப்போ பல நூறு ஏக்கர் இருக்கும், இணைசேரும் பருவத்தில் ஆண் மான் அதையும் தாண்டி அலையும். என் நிலத்தில் வாழும் மான்கள் என்று நான் சொல்லிக்கொள்பவை உண்மையில் என் நிலத்தின் வழியாகப் போய்வரும் மான்கள்.

இதைக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் அறிவால் ஒப்புக்கொள்ளலாம்; பனி விழுந்த மறுநாள் கண்ணால் பார்க்கலாம். மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கேமரா தன் முன்னே நடப்பதை மட்டும் காட்டும், முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காட்டாது. பனியோ நிலம் முழுவதும் ஒரே சமயத்தில் பதிவு செய்கிறது. தெற்கு எல்லையில் ஓக் மரங்களுக்கு நடுவே நுழைந்த தடங்கள் எங்கே ஒன்றுசேர்கின்றன, ஓடையை எந்த இடத்தில் கடக்கின்றன, பக்கத்து நிலத்துக்குள் எந்த இடைவெளியில் போகின்றன என்பதெல்லாம் ஒரே காலை நடையில் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாளில் பனி இருக்கும் என்று இந்த வட்டாரத்தில்கூட யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து, குழாயின் வாய்வழியே வெடிமருந்தைத் திணித்துச் சுடும் மருந்துத் துப்பாக்கிக்கென்று வரும் பருவத்திலும், டிசம்பரில் கொம்பில்லா மான்களுக்கென்று, அதாவது பெண் மான்களுக்கும் குட்டிகளுக்குமென்று, ஒதுக்கப்படும் நாட்களிலும் அது பெரும்பாலும் தரையில் கிடக்கும். எனக்குப் பிடித்த நாட்கள் அவையே.

தடம் படிப்பதற்கு முதலில் வேண்டியது கண் கூர்மை அன்று, பனி எப்போது நின்றது என்ற தகவல். நள்ளிரவில் நின்றிருந்தால், விடியலில் காண்கிற ஒவ்வொரு தடமும் அதற்குப் பின் பதிந்தது. அரைகுறையாக மூடப்பட்டிருப்பவை முன்னர் பதிந்தவை. அடுத்தது விரலால் தொட்டுப் பார்ப்பது. குளம்பு மிதித்துக் கலைத்த பனி முதலில் மாவாக உதிரும். நேரம் ஆக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக்கொள்ளும். குளிர்ந்த இரவில் பழைய தடத்தின் உட்சுவரில் நுண்ணிய உறைபனிப் படிகங்கள் வளர்ந்திருக்கும். வெயில் பட்ட தடத்தை நம்பக் கூடாது. விளிம்பு உருகி அகன்று, ஒரு பெண் மானின் சாதாரணக் குளம்படி பெரிய ஆண் மானுடையது போலத் தோன்றும். எனவே வியப்பூட்டும் அளவுள்ள தடம் ஒன்றைக் கண்டால், அதே தடத்தைத் தேவதாரு நிழலுக்குள் பின்தொடர்ந்து அங்கே இன்னொரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

ஆணா பெண்ணா என்பதைக் குளம்படியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்பவர்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. குளம்புக்குப் பின்னால் சற்று மேலே உள்ள சிறு குளம்புகளின் புள்ளிகள் பதிந்திருந்தால் ஆண் என்று ஒரு பேச்சு உண்டு. ஆழமான பனியில் இரண்டு பாலுக்கும் அவை பதியும். கால் இழுபட்ட கோடு இருந்தால் ஆண் என்பதும் அப்படியே: தரையை மூடும் அளவுக்கே பனி இருக்கும்போது அதற்குக் கொஞ்சம் பொருள் உண்டு, கணுக்கால் ஆழம் வந்துவிட்டால் எல்லா மான்களும் காலை இழுத்துத்தான் நடக்கும். இவற்றைவிட நம்பத் தகுந்தவை வேறு சில. பெண் மான் நின்று, பின்னங்கால்களைத் தாழ்த்திச் சிறுநீர் கழிப்பதால் கறை ஒரே இடத்தில் பின்தடங்களுக்குப் பின்புறம் விழும்; நடந்துகொண்டே சொட்டிக்கொண்டு போன கறை பெரும்பாலும் ஆணுடையது. ஆண் மான் ஏறக்குறைய ஒரு நோக்கத்தோடு நேர்கோட்டில் நடக்கும், கொம்பு சிக்கக்கூடிய நெருக்கமான புதரைச் சுற்றிப்போகும். தாயும் குட்டிகளும் வளைந்து வளைந்து, மொட்டுகளைக் கொறித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று குறுக்கிட்டுப் போகும்.

படுத்த குழிகள் இன்னும் வெளிப்படையாகப் பேசும். ஒரு பெரிய குழியும் பக்கத்தில் இரண்டு சிறிய குழிகளும் இருந்தால் அது தாயும் அந்த ஆண்டின் இரட்டைக் குட்டிகளும். நல்ல உணவு கிடைக்கும் இடத்தில் முதிர்ந்த பெண் மான் இரட்டை ஈனுவது வழக்கம். தனியே, சற்று மேடான இடத்தில், விழுந்த மரத்தின் மறைவில் உள்ள ஒற்றைப் பெரிய குழி என்னை நிதானிக்க வைக்கும். குழியின் அடியில் கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தால் அந்த உடம்பு அங்கே நெடுநேரம் கிடந்திருக்கிறது. அது பெரும்பாலும் காற்று தன் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி படுத்திருக்கும். பின்னால் வருவதை மூக்கும் முன்னால் வருவதைக் கண்ணும் பார்த்துக்கொள்ளும். அத்தகைய குழியில் அமர்ந்து மான் பார்த்த திசையை நானும் பார்த்ததுண்டு. நான் நடந்துவரும் பாதை அங்கிருந்து முழுமையாகத் தெரிந்தது.

என் நிலத்தில் எது உண்ணப்படுகிறது என்பதையும் பனிக்காலமே காட்டுகிறது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது சிறுகிளையை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. நுனி நாராகத் தொங்கினால் மான், கத்தியால் சீவியது போலச் சாய்வாகத் துண்டாகியிருந்தால் முயல். வெள்ளை சீடர் மரத்தின் கீழ்க்கிளைகள் மான் எட்டும் உயரம் வரை ஒரே மட்டமாகக் காலியாகியிருப்பதும், ஹெம்லாக் கன்றுகள் பனிக்கு மேலே தலை நீட்டிய இடத்திலெல்லாம் கடிபட்டிருப்பதும் இந்தப் பகுதியில் காடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த காட்சி. இந்தக் காட்சியே நான் எந்த மானைச் சுடுகிறேன் என்பதைத் தீர்மானிக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்பு சொல்ல வேண்டியது, பனியில் பதியும் இன்னொரு தடம்: என்னுடையது. சொந்த நிலம் என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, பரண் கட்டலாம், கிளை வெட்டலாம், மழை விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். பொது நிலத்தில் வேட்டையாடுபவர் பொறாமைப்படும் இந்தச் சுதந்திரமே சொந்த நிலத்தின் பெரிய கேடு. மான் மனிதனைப் பார்த்துத்தான் ஒதுங்கும் என்பதில்லை. அவன் நடந்துபோன வாசனையை அடுத்தடுத்த நாட்களில் அதே இடத்தில் சந்தித்தால், அது தன் நடமாட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளும், அல்லது அடுத்த நிலத்துக்குப் போய்விடும். அடுத்த நிலம் நானூறு மீட்டருக்குள் இருக்கிறது. ஆகவே நாற்பது ஏக்கர்க்காரன் கற்க வேண்டிய முதல் திறமை தன் நிலத்துக்குள் போகாமல் இருப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது சொல்லும்போது எளிது. பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அத்தனை எளிதன்று.

என் நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு சீடர் சதுப்பு இருக்கிறது. பருவம் முழுவதும் நான் அதற்குள் கால் வைப்பதில்லை. அடிபட்ட மான் உள்ளே போனால் மட்டுமே விலக்கு. பனி விழுந்ததும் அதன் விளிம்பை வெளியே நின்று பார்ப்பேன். உள்ளே போகும் தடங்களும் வெளியே வரும் தடங்களும் சமமாக இல்லாவிட்டால், உள்ளே மான்கள் படுத்திருக்கின்றன. அது எனக்குப் போதும். அங்கே புகுந்து அவற்றைக் கிளப்பினால் ஒரு வாய்ப்பு கிடைக்கலாம். அந்தப் பருவத்தின் மற்ற வாய்ப்புகள் அத்தனையும் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போய்விடும்.

பரணுக்குப் போகும் பாதையைக் காற்றுதான் வகுக்கும். காற்றே இல்லாத நாளிலும் காற்று உண்டு: காலையில் வெயில் ஏற ஏறத் தரையை ஒட்டிய காற்று சூடாகிச் சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். பனி மூடிய திறந்த வெளியில் இந்த இறக்கம் சீக்கிரமே தொடங்கிவிடுவதால், மாலையில் ஓடைப் பள்ளத்துக்கு மேலுள்ள பரணில் உட்கார்வது என் வாசனையை மான்களின் வழியிலேயே ஊற்றிவிடுவதற்குச் சமம். காலைக்கு அது நல்ல இடம், மாலைக்கு ஆகாது. பார்வையைப் பொறுத்தவரை மானுக்கு ஆரஞ்சு நம் கண்ணுக்குப் போலப் பளிச்சிடுவதில்லை. அதன் கண்ணில் இரண்டு வகை நிற உணரிகளே உண்டு, நீலத்தை நன்றாக உணரும், சிவப்பு ஆரஞ்சுப் பக்கத்தைப் பிரித்தறியாது. சட்டப்படி ஆரஞ்சு அணிந்தவரை அது கவனிக்காமல் போவதும், நீல நிற ஜீன்ஸ் அணிந்தவரை நின்று பார்ப்பதும் இதனால்தான். இவை எதுவும் அசைவை மறைக்காது.

ஒலியைப் பனியே முடிவு செய்கிறது. புதிதாக விழுந்த மென்பனி ஓசையை உறிஞ்சிக்கொள்ளும், அதில் சத்தமில்லாமல் நடக்கலாம், ஆனால் மான் வருவதும் கேட்காது. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால், காலடியில் துகள்கள் உருகி வழுக்குவதற்குப் பதிலாக உடைந்து கிறீச்சிடும். ஒவ்வொரு அடியும் வெகுதூரம் கேட்கும். பகலில் உருகி இரவில் மேலோடு கட்டிய பனி எல்லாவற்றிலும் மோசமானது. அப்படிப்பட்ட காலைகளில் நடந்து தேடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, வெளிச்சம் வருவதற்கு வெகு முன்பே பரணில் ஏறி, இடுப்பு வாரை மரத்தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உறைந்த படியில் கால் வழுக்குவதே இந்த வேட்டையின் உண்மையான ஆபத்து. துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், தோட்டா நீக்கிய பின் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

குளிரைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் அனுபவிப்பவருக்கு அது தானே கற்றுக்கொடுத்துவிடும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைச் சில்லிடச் செய்யும், கம்பளி ஈரத்திலும் சூடு காக்கும். பரணுக்கு நடக்கும்போது மேற்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த பிறகே அணிய வேண்டும். துப்பாக்கிக்கும் தனிக் கவனம் தேவை. குழாயின் வாயில் பனி அடைத்துக்கொண்டால் சுடும்போது குழாய் வெடிக்கலாம். ஆகையால் பலரும் அதன் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுகிறார்கள், தோட்டா வருவதற்கு முன்பே காற்றழுத்தம் அதைத் தள்ளிவிடும். இயங்கும் பாகங்களில் தடித்த எண்ணெய் குளிரில் கெட்டியாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசியைத் தாமதப்படுத்தும். துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும், அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே கொண்டுபோனால் உள்ளே உறைந்துவிடும். ஆகவே பருவ நாட்களில் அது சூடில்லாத கொட்டகையில் பூட்டிய பெட்டியில் இருப்பதே நல்லது.

இனி எந்த மான் என்ற கேள்வி. கொம்புள்ள ஆண் மான் மேல் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் ஒரு நிலத்தின் மான் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெண் மான்களே. ஒரு ஆண் பல பெண்களோடு சேரும் இனத்தில், ஆண்களை மட்டும் சுடுவதால் அடுத்த ஆண்டுப் பிறப்பு குறைவதில்லை. இதை மக்களை ஒப்புக்கொள்ளச் செய்வது இந்த மாநிலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 1943 சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகையான வேட்டையால் அமெரிக்கா முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் கீழே போய்விட்டதாக மதிப்பிடப்படும் வெண்வால் மான், சட்டப் பாதுகாப்பாலும் வெட்டிய காடுகள் மறுபடி துளிர்த்ததாலும் மீண்டு பெருகியபோது, வட விஸ்கான்சினில் குளிர்கால ஒதுங்கிடங்களில் பட்டினிச் சாவுகள் தென்பட்டன. கொம்பில்லா மான்களையும் சுட வேண்டும் என்று வாதிட்டவர்களில் வனவிலங்கியலாளர் ஆல்டோ லியோபோல்டு முக்கியமானவர்; 1935இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் சத்திழந்த ஒரு பண்ணையை வாங்கித் தன் குடும்பத்தோடு மரம் நட்டவர் அவர். 1943இல் அப்படியொரு பருவம் நடத்தப்பட்டபோது எழுந்த கோபம் அடங்கப் பல ஆண்டுகள் ஆயின. எதிர்த்தவர்கள் அதை ஒரு குற்றம் என்றே பெயரிட்டு அழைத்தார்கள். பெண் மானைச் சுடுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் இன்றும் சில பரண்களில் உட்கார்ந்திருக்கிறது.

பனியின் ஆழம் மானுக்கு உயிர்க்கணக்கு. உள்ளே வெற்றிடமுள்ள முடிகளும் அடர்ந்த உள்மயிரும் கொண்ட குளிர்காலத் தோல், முதுகில் விழுந்த பனி உருகாத அளவுக்கு வெப்பத்தைக் காக்கும். குளிரால் மட்டும் அது சாவதில்லை. ஆழ்பனியில் நெஞ்சு உரச நடப்பதற்குச் செலவாகும் சக்தியும், அந்தச் செலவை ஈடுகட்டாத மொட்டும் மரப்பட்டையுமே அதைக் கொல்கின்றன, முதலில் குட்டிகளை. இம்மாநிலத்தின் இயற்கை வளத் துறை டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஒரு குறியீட்டைக் கணக்கிடுகிறது: தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி உள்ள ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, வெப்பநிலை பாரன்ஹீட் சுழியமோ அதற்குக் கீழோ போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. 50க்குக் கீழே மென்மையான குளிர்காலம். 100க்கு மேலே மிகக் கடுமையானது. வேட்டை முடிந்த பின்பும் நான் அந்தச் சதுப்புக்குள் போகாமலிருப்பதற்கு இதுவே காரணம். பிப்ரவரியில் ஒரு மானை ஓடவைப்பது அதன் கொழுப்பிலிருந்து நான் திருடுவதாகும். இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டுவது அதைவிடக் கெடுதல். மரக்கொம்பைச் செரிக்கப் பழகிவிட்ட இரைப்பை நுண்ணுயிர்கள் திடீரென்று வரும் மாவுச்சத்தைத் தாங்காமல் வயிற்றில் அமிலம் மிகுந்து, வயிறு நிறைந்த மான் செத்துக் கிடக்கும். உதவ வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஓரிரு ஆஸ்பென் மரங்களை வெட்டிச் சாய்த்து, உச்சி மொட்டுகள் எட்டும்படி விட்டுவிடலாம்.

இதையெல்லாம் வைத்தே நான் பெரும்பாலும் பெண் மானைத் தேர்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் தனியார் நிலத்துக்கு இத்தனை, பொது நிலத்துக்கு இத்தனை என்று கொம்பில்லா மான்களுக்கான சீட்டுகளைத் துறை ஒதுக்குகிறது. கடுங்குளிர்காலத்துக்குப் பின் வடபகுதியில் அந்த ஒதுக்கீடு சுருங்கும், அப்படிச் சுருங்கிய ஆண்டில் சுடாமலிருப்பதும் சரியே.

சுடுவதற்கான கணம் பெரும்பாலும் நீளமானதல்ல. அதை வருணிப்பதில் எனக்கு ஆர்வமும் இல்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் இரண்டு நுரையீரல்களும் துளைபட வேண்டும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதால் தோட்டா தரையில் புதையும், பக்கத்து நிலத்துக்குப் பறக்காது. நானூறு மீட்டர் நிலத்தில் பல கிலோமீட்டர் போகக்கூடிய தோட்டாவோடு உட்கார்ந்திருப்பவன் மானைப் பார்ப்பதற்கு முன்பு மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

அதன் பிறகுதான் பனி தன் முழுப் பயனைத் தருகிறது. நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்தால் போதும், மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு கல்லீரல், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை கலந்து, செரித்தும் செரியாத தழை ஒட்டியிருந்தால் குடல். அப்போது தொடர்வது அந்த மானை மேலும் மேலும் ஓட வைப்பதாகும், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட வேண்டும். பனி ஒரு துளியையும் பரப்பிப் பெரிதாகக் காட்டும் என்பதால் இரத்தத்தின் அளவை வைத்துக் காயத்தை மதிப்பிடக் கூடாது, நிறத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். காத்திருக்கும்போது மறுபடியும் பனி பொழியத் தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு நல்ல விடை எதுவும் இல்லை. தடம் மூடப்படும் முன் தொடர்ந்தால் மான் எழுந்து ஓடலாம், தொடராவிட்டால் தடமே இல்லாமல் போகலாம். வானிலை அறிக்கையில் கனத்த பனிப்பொழிவு இருக்கும் மாலையில் அரைகுறை வாய்ப்பில் விசையை அழுத்தாமலிருப்பதுதான் நான் கண்ட வழி. வாரில் கட்டிய மோப்ப நாயை அடிபட்ட மானைத் தேட இங்கே அனுமதிக்கிறார்கள். அதை வைத்திருப்பவரின் எண் கைப்பேசியில் இருப்பது நல்லது.

அடிபட்ட மான் எல்லைக்கல்லை மதிக்காது. இரத்தத் தடம் வேலியைத் தாண்டிப் போனாலும், அந்த நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் இம்மாநிலத்தில் நான் பின்தொடர முடியாது. மானைச் சுட்டது நானாக இருந்தாலும், வேலிக்கு அப்பால் அது இருபதடியில் விழுந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் அதுவே விதி. ஆகையால் பருவம் தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள எல்லா நிலத்துக்காரர்களையும் நேரில் பார்த்து, யார் எந்த நாளில் எங்கே உட்கார்வார்கள், இரவில் அழைத்தால் எடுப்பார்களா என்று பேசி வைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் என் நிலத்துக்குள் அதே உரிமை உண்டு. அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாக என்னோடு வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் மணியிலேயே தொலைபேசியை எடுத்துவிடுவார்.

பனியில் மானை இழுப்பது எளிது, தலைப்பக்கம் பிடித்து மயிரின் போக்கிலேயே இழுக்க வேண்டும். வயிற்றைக் கீறிக் குடலை உடனே எடுத்துவிட்டாலும், கடுங்குளிரில் தோலை உடனே உரிக்க நான் அவசரப்படுவதில்லை. இறந்த தசை விறைப்பதற்கு முன்பே மிகவும் குளிர்ந்துவிட்டால் சுருங்கி, எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாத இறைச்சியாகிவிடும்; தோலை விட்டுவைத்தால் சூடு மெதுவாக இறங்கும். உறையாமலும் கெடாமலும், 0 முதல் 4 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் கொட்டகை கிடைத்தால் சில நாட்கள் தொங்கவிடலாம்.

காட்டில் விட்டுவரும் குடற்குவியல் ஒன்றிரண்டு நாளில் மறைந்துவிடும். காகம், நரி, கழுகு எல்லாம் வரும், பனி அந்த விருந்தின் வருகைப் பதிவேட்டையும் வைத்திருக்கும். ஈயத் தோட்டா மானின் உடம்பில் நுண்துகள்களாகச் சிதறுகிறது, அந்தக் குவியலை உண்ணும் வெண்தலைக் கழுகுகளுக்கு அது நஞ்சாகிறது. மனித உணவிலும் அது சேர்கிறது என்பது 2008இல் வடக்கு டகோட்டாவில் உணவு வங்கிகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் கண்டறியப்பட்டபோது பரவலாகத் தெரிந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுவதும் தடை செய்தது. இங்கே மான் வேட்டைக்கு அப்படித் தடை இல்லை. நான் செம்புத் தோட்டாவுக்கு மாறியது கழுகுகளைப் பார்த்துத்தான். விலை கூடுதல், ஆனால் ஒரு பருவத்தில் ஒருவர் சுடுவது எத்தனை தோட்டா?

கடைசியாக வரும் காத்திருப்பு ஆய்வகத்தினுடையது. 1967இல் கொலராடோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதன்முதலில் கவனிக்கப்பட்ட நலிவு நோய் 2002இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. உருமாறிய புரதத்தால் வரும் அந்நோய் மூளையைச் சிதைக்கும், மருந்து கிடையாது, அந்தப் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நோயுள்ள மான் பல மாதங்கள் நலமாகவே தோன்றும் என்பதால் பனியில் எத்தனை தடம் படித்தாலும் அது தெரியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. தலையை மாதிரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வருவேன். வேறு மானின் இறைச்சி கலந்துவிடாதபடி அதைத் தனியே வெட்டி, பொட்டலங்களின் மேல் பதிவு எண்ணை எழுதி உறைபெட்டியின் ஒரு பக்கத்தில் அடுக்கி வைப்பேன். முடிவு வரும்வரை அந்தப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை.